வாழைப்பழத்தோடு சண்டை போட்ட தேனீக்கள்

மலையடிக் காட்டில் ஓர் இலுப்பை மரம். அதன் பொந்தில் ஆறாயிரம் தேனீக்கள். எல்லாரும் அக்கா தங்கைகள். எல்லாருக்கும் ஒரே அம்மா. அவள்தான் ராணி.

அந்தக் கூட்டில் பெயர் வைக்கும் முறை எளிது. ஒருத்தி முதன்முதலாக வெளியே பறந்து எந்தப் பூவில் தேன் குடிக்கிறாளோ, அந்தப் பூதான் அவள் பெயர். முருங்கைப்பூவில் குடித்தவள் முருங்கி. இன்னும் வெளியே பறக்காமல், உள்ளேயே குஞ்சுகளுக்குச் சோறூட்டும் இளசுகளுக்குப் பெயர் கிடையாது. எல்லாரும் பாப்பாதான்.

பொந்து வாசலில் காவல் தலைவியாக நின்றவள் எருக்கி. எருக்கம்பூவில் குடித்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ என்ன?" என்று கேட்டவள். ஆளும் அப்படித்தான்.

வருகிறவளை நிறுத்துவாள். உணர்கொம்பால் தடவி முகர்வாள். வீட்டு மணம் இருந்தால், "போ!" இல்லாவிட்டால் கொடுக்கை நீட்டுவாள். கொடுக்கின் நுனியிலிருந்து ஒரு மணம் கிளம்பும். அது பட்டதும் கூடே கொதித்து வெளியே பாயும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மணம் வந்தால் கொட்டு. அவ்வளவுதான் சட்டம். கொட்டியவள் பிழைக்க மாட்டாள். அதையும் யாரும் கேட்பதில்லை.

அந்த வருஷம் கோடை கொளுத்திவிட்டது. இலுப்பை பூத்து ஓய்ந்தது. புங்கம் ஓய்ந்தது. மற்றவை எல்லாம் கருகின. அடையில் தேன் குறைந்துகொண்டே வந்தது. முந்நூறு குஞ்சுகள் அறைகளில் வாயைத் திறந்தபடி கிடந்தன.

ஒரு நாள் காலை முருங்கி பறந்து வந்தாள். வயிறு முட்டத் தேன். குரல் ஏழு மரத்துக்குக் கேட்டது.

"கிடைச்சாச்சு! கிடைச்சாச்சு! ஓடைப் பள்ளத்துல காட்டு வாழை! ஒவ்வொரு பூவிலும் தேன் நிக்குது! முங்கிக் குளிக்கலாம்!"

எருக்கி அவளை நிறுத்தினாள். முகர்ந்தாள்.

முருங்கியின் உடம்பெல்லாம் ஒரு மணம். இனிப்பான, கனமான மணம். கொடுக்கு தானாக நீண்டது.

"பகை! பகை!"

"அக்கா! நான்தான்! முருங்கி!"

"முருங்கி மாதிரி வேஷம்! பிடிங்கடி!"

மூன்று காவல்காரிகள் பாய்ந்து முருங்கியின் சிறகைக் கடித்தார்கள். கூடு பொங்கி வெளியே வந்தது. பக்கத்துக் கிளையில் கொறிப்பான் என்ற அணில் வாலைத் தொங்கவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். அவன் ஒரு பாவமும் அறியாதவன். மூக்கிலேயே கொட்டினார்கள்.

"ஐயோ! நான் என்ன செஞ்சேன்!"

அவனைக் கொட்டிய பதினோரு பேர் கீழே விழுந்தார்கள். எழுந்திருக்கவில்லை. முருங்கியின் தேன் புழுதியில் கொட்டியது. எறும்புகள் குடித்துவிட்டுப் போயின.

எருக்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

"பகையை விரட்டியாச்சு, அம்மா!"

"யாரு வந்தது?" என்றாள் ராணி.

"பகைவன்."

"எப்படி இருந்தான்?"

எருக்கி யோசித்தாள். "மணமா இருந்தான்."

ராணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "என் பிள்ளைங்க பதினோரு பேர் போயிட்டாங்க. வந்த தேனும் போச்சு. அடையில பத்து நாளுக்குத்தான் இருக்கு. மழை எப்போ வரும்னு தெரியல. பத்து நாள் கழிச்சுக் குஞ்சுங்களுக்கு என்ன கொடுக்கப் போறே?"

எருக்கி வாசலுக்குத் திரும்பினாள். உத்தரவு போட்டாள். "இனி வாழைப் பக்கம் யாரும் போகக் கூடாது! போய் வந்தா வாசல் கிடையாது!"

யாரும் போகவில்லை. ஆனால் காற்றுக்கு யார் உத்தரவு போடுவது? அன்று பிற்பகல் காற்று ஓடைப் பள்ளத்திலிருந்து திரும்பியது. அதே மணம். அவ்வளவுதான், கூடு மறுபடி பொங்கியது. எதிரில் யாருமே இல்லை. மரத்தடியில் தன் பாட்டுக்குப் போன ஒரு கீரிக்கு நாள் சரியில்லை. அதைக் கொட்டி முப்பது பேர் போனார்கள்.

எருக்கி வாசலில் தனியாக நின்றாள்.

"வாசலை விட்டு நகரவே இல்லையே நான். பகைவன் எங்கேதான் ஒளிஞ்சிருக்கான்?"

"உன் வாலிலே!" என்று ஒரு குரல்.

கொறிப்பான். மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், கடிபட்ட சிறகோடு முருங்கி. அவளுக்கு அவன்தான் தன் வளையில் இடம் கொடுத்திருந்தான்.

"என்ன உளர்றே?"

"உளறலையா? காவல்காரம்மா, ஒரு வேலை செய். கொடுக்கைக் கொஞ்சமா நீட்டு. கொஞ்சமா! என் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். இப்போ முகர்ந்து பாரு."

எருக்கி முறைத்தாள். ஆனாலும் கொடுக்கை அரிசி நுனியளவு நீட்டினாள். திரும்பி முகர்ந்தாள்.

இனிப்பான, கனமான மணம்.

"இது..."

"பழுத்த வாழைப்பழம்! நான் தினம் தின்னுறவன், எனக்குத் தெரியாதா? நீங்க கொட்டும்போதெல்லாம் எனக்கு முதல்ல நாக்கு ஊறும். அப்புறம்தான் வலிக்கும்!"

"அக்கா," என்றாள் முருங்கி மெல்ல, "நான் போன வாழையில ஒரு தாறு பழுத்திருந்துச்சு. உரசிட்டு வந்துட்டேன்."

எருக்கிக்கு இப்போது புரிந்தது. பகைவனே இல்லை. வந்தது சோறு. சோற்றைப் பகையென்று எண்ணி நாற்பத்தொரு பேரைப் பறிகொடுத்திருக்கிறாள்.

"இந்த மணம் பட்டா எனக்குக் கொடுக்கு தானா எழும்புது. அதை நான் எப்படி நிறுத்துவேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் அணில்!" என்றான் கொறிப்பான். "என் மூக்கு மட்டும் சீக்கிரம் வத்தினாப் போதும்."

எருக்கி உள்ளே போய் அடையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பாப்பாக்கள் குஞ்சுகளுக்கு நொச்சி மகரந்தம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நொச்சி வாடை மூக்கைத் துளைக்கும். வாழையைவிடப் பத்து மடங்கு. ஆனால் நொச்சி வாடைக்கு இந்தக் கூட்டில் யாரும் பதறியதில்லை.

ஏன்?

எருக்கி நின்றாள். அவளும் ஒரு காலத்தில் பாப்பாதான். குஞ்சாக இருந்தபோது சோற்றில் கலந்து நொச்சியைத் தின்றாள். தின்றது வீட்டு மணம் ஆயிற்று. வாழை அப்படி வரவில்லை. சோற்றோடு உள்ளே வராமல், காற்றோடு வாசலில் வந்து முட்டியது. அதனால் பகை ஆயிற்று.

வாசலுக்கு ஓடினாள்.

"முருங்கி! நாளைக்கு விடியக்காலையில வாழைக்குப் போ. பழத்தோல்ல ஒரு காலை வை. ஒரே ஒரு கால்! அப்படியே வா. கால்ல ஒட்டினதை நான் நூறு துளித் தேன்ல கலந்து எல்லாருக்கும் கொடுக்கப் போறேன்."

"வாசல்ல கடிப்பாங்களே, அக்கா?"

"வாசல்ல நான் நிப்பேன்."

"அதுதானே எனக்குப் பயம்!"

கொறிப்பான் சிரித்து, மூக்கு வலித்து, சிரிப்பை நிறுத்தினான்.

எருக்கி இன்னொரு வேலையும் செய்தாள். காவலுக்கு லாயக்கில்லை என்று அவளே திட்டித் துரத்திய ஆறு பேர் இருந்தார்கள். தடித்தவர்கள். எதற்கும் அசையாதவர்கள். கூடே பொங்கும்போதும், "என்னவாம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பவர்கள். அந்த ஆறு பேரையும் கூப்பிட்டாள்.

"எவளுக்காவது கொடுக்கு எழும்பினா, அவ முதுகில ஏறி உட்காருங்க. 'பொறுடி, சோறுதான்'னு சொல்லுங்க."

"உட்காரணும். அவ்வளவுதானே?" என்றாள் ஒருத்தி.

"அவ்வளவுதான்."

"இத்தனை நாள் எங்களுக்கு ஏத்த வேலை ஒண்ணும் இல்லாமத்தான் சும்மா இருந்தோம்!"

முதல் நாள். ஒரு கால். எருக்கியே தேனைக் கலக்கினாள். முதல் வாயை அவளே குடித்தாள். கொடுக்கு துடித்தது. ஒரு தடிச்சி பொத்தென்று அவள் முதுகில் உட்கார்ந்தாள்.

"பொறுக்கா, சோறுதான்."

"எந்திரிடி, மூச்சு முட்டுது!"

ஆனால் கொடுக்கு அடங்கிவிட்டது. கூடு முழுவதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அடங்கியது. யாரும் வெளியே பாயவில்லை.

இரண்டாம் நாள். இரண்டு கால். அதுவும் அடங்கியது.

எருக்கிக்குப் பொறுமை கிடையாது. அடையைப் பார்த்தாள். எட்டு நாளுக்குத்தான் தேன். "இப்படிக் காலை எண்ணிக்கிட்டிருந்தா விடிஞ்சிரும். நாளைக்கு முழுசா முங்கி வா!" என்றாள்.

"அக்கா, வேண்டாம்..."

"சொன்னதைச் செய்டி!"

மூன்றாம் நாள் முருங்கி பழத்தில் புரண்டு வந்தாள். வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். கூடு ஏற்கெனவே புழுங்கிக் கொண்டிருந்தது. எல்லாருக்கும் எரிச்சல். தேனைக் கலந்து கொடுத்த மறுகணமே வெடித்தது. அக்கா தங்கையைக் கடித்தாள். தங்கை அக்காவைக் கடித்தாள். அம்மாவைச் சுற்றி நின்ற தோழிகளே அம்மாவை நோக்கிக் கொடுக்கை நீட்டிவிட்டார்கள். ஆறு தடிச்சிகளும் ராணியின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டதால் அவள் தப்பினாள்.

அடங்கியபின் ராணி எழுந்து சிறகை நீவிக்கொண்டாள். தோழிகள் தலையைத் தொங்கப் போட்டார்கள்.

"அவங்களை விடுங்க, அம்மா. தப்பு என்னுது," என்றாள் எருக்கி. அந்தச் சொற்கள் அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததே இல்லை. "அவசரப்பட்டுட்டேன். அதுவும் வெயில் நேரத்துல."

"விட்டுடலாமா?"

"வேண்டாம். மறுபடி ஒரு கால்லேருந்து."

"ஏழு நாளுக்குத்தான் தேன் இருக்கு, எருக்கி."

"ஆறு காலுக்கு ஆறு நாள். ஏழாம் நாள் முழு உடம்பு. சரியா இருக்கும், அம்மா."

"சரியா இல்லைன்னா?"

எருக்கி அறைகளைப் பார்த்தாள். முந்நூறு வாய்கள். "இருந்தாகணும்."

"செய். ஆனா ஒரு நாளைக்கு ஒரு கால். அரைக் கால் கூட அதிகம் வேண்டாம்."

அன்றிலிருந்து ஒழுங்கு வந்தது. விடியற்காலைக் குளிரில்தான் வாழைத் தேன். வெறும் வயிற்றில் கிடையாது. தேன் உண்டபின் வெயில் ஏறும்வரை யாரும் ஆடக் கூடாது. தேனீக்களுக்கு ஆட்டம்தானே பேச்சு! ஆடாமல் இருப்பது பெரிய கஷ்டம். முருங்கி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றாள். இடுப்பு மட்டும் நெளிந்தது.

"முருங்கி!"

"ஆடலக்கா! அரிக்குது!"

ஒரு கால் போயிற்று. இரண்டு, மூன்று. நான்காம் கால் அன்று ஒருத்திக்கு வாயெல்லாம் தினவெடுத்தது. ஒரு தடிச்சி அவள் மேல் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். விழித்தபோது தினவு போயிருந்தது. ஐந்தாம் கால் அன்று பாப்பாக்கள், "இன்னும் கொஞ்சம் கொடுங்கக்கா," என்று வரிசையில் இரண்டாம் தடவை வந்து நின்றார்கள். எருக்கி விரட்டினாள். ஆனால் விரட்டும்போது சிரித்துவிட்டாள்.

ஆறாம் கால் அன்று முருங்கி வாசலுக்கு வந்தாள். எருக்கி முகர்ந்தாள். கொடுக்கு அசையவே இல்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. போ."

"ஒண்ணுமே இல்லையா?"

"போடின்னா!"

அன்று அடையின் கடைசித் துளியை வழித்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்கள் பட்டினி.

இதற்குள் கொறிப்பானுக்கு மூக்கு வற்றிவிட்டது. வாய் சும்மா இருக்குமா? தேனீக்கள் வாழை மணத்துக்குப் பழகிய கதையை மரம் மரமாகப் போய்ச் சொன்னான். காய்ந்த வேங்கை மரத்தில் ஒரு கதண்டு இருந்தாள். தேனீயைப் போல நான்கு மடங்கு பெரிய குளவி. தேனீக் குஞ்சு என்றால் அவளுக்கு உயிர். அவளும் கேட்டாள்.

"அப்போ வாழை மணம் இருந்தா, வாசல்ல விட்டுருவாங்களா?"

"இப்பல்லாம் கொடுக்கையே நீட்டுறதில்லை!" என்றான் கொறிப்பான். சொன்னபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஏழாம் நாள். விடிந்ததும் எருக்கி வாசலில் நின்று கத்தினாள். "எல்லாரும் வாழைக்குப் போங்க! முங்கிக் குடிங்க! உரசிட்டு வாங்க! வாசல் திறந்திருக்கு!"

ஐந்நூறு பேர் பறந்தார்கள். பள்ளத்தில் தாறு வெடித்துப் பழுத்துக் கிடந்தது. காற்றும் அங்கிருந்தே வீசியது. இலுப்பை மரமே வாழைத் தோப்பு மாதிரி மணத்தது. எருக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஐயாயிரத்துக்கு மேல் கொடுக்குகள். ஒன்று நீண்டால் போதும், எல்லாம் முடிந்தது.

ஒன்றும் நீளவில்லை.

முதலில் வந்தவள் முருங்கி. தலை முதல் கால் வரை பழம் அப்பியிருந்தது. வயிறு தேனால் பளபளத்தது.

எருக்கி முகர்ந்தாள். மேலே வாழை. அதற்கு அடியில் தன் தங்கை.

"வா உள்ளே!" என்றாள். "என்ன பார்க்கிறே? குஞ்சுங்க காத்திருக்கு, ஓடு!"

இரண்டாமவள் வந்தாள். மூன்றாமவள் வந்தாள். நூறு, இருநூறு. வாசலில் தேன் சொட்டி ஈரமானது. உள்ளே பாப்பாக்கள் குஞ்சுகளுக்கு ஓடி ஓடி ஊட்டினார்கள். கூடே சிரித்தது.

வரிசையின் நடுவில் ஒருத்தி மட்டும் பெரிதாக இருந்தாள். மேலெல்லாம் வாழைப்பழக் கூழ்.

"வழி விடுக்கா! நானும் வாழைக்குப் போயிட்டுத்தான் வர்றேன்!"

"நல்லது. வாயைத் திற. தேன் எங்கே?"

"வழியில பசிச்சது. குடிச்சுட்டேன்."

"எங்க வீட்ல யாரும் வழியில குடிக்க மாட்டாங்க."

எருக்கி கிட்டே போனாள். முகர்ந்தாள். மேலே வாழை. அதற்கு அடியில் இறைச்சி நாற்றம்.

முன்பு என்றால் கொடுக்கு நீண்டிருக்கும். நூறு பேர் கொட்டிச் செத்திருப்பார்கள். இன்று எருக்கி பதறவில்லை. சிறகை மட்டும் தட்டினாள், டர்ர்ர் என்று.

"வாழைக்குத்தான் வாசல் திறந்தோம். உனக்கு இல்லை, கதண்டே! தங்கச்சிங்களா, கொட்டாதீங்க! கட்டிப் பிடிங்க!"

இருநூறு பேர் மேலே விழுந்தார்கள். ஆறு தடிச்சிகள் எல்லாருக்கும் முந்திக்கொண்டார்கள். உட்காருவதுதான் அவர்களுக்குக் கைவந்த கலையாயிற்றே! உருண்டையாக மூடிக்கொண்டு உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றினார்கள். கதண்டுக்கு உள்ளே வேர்த்தது, கொதித்தது, கண் இருண்டது.

"விடுங்கடி! வெந்துட்டேன்! விடுங்க!"

"இனி வருவியா?"

"இந்த மலைப் பக்கமே வர மாட்டேன்!"

விட்டார்கள். கதண்டு தள்ளாடித் தள்ளாடிப் பறந்து ஓடைத் தண்ணீரில் விழுந்து எழுந்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். தேனீக்களில் ஒருத்திக்குக்கூடச் சேதம் இல்லை.

வெயில் ஏறியதும் எருக்கியே சொன்னாள்: "இப்போ ஆடலாம்!"

ஆடினார்கள். பாப்பாக்கள் ஆடினார்கள், காவல்காரிகள் ஆடினார்கள், தடிச்சிகள்கூடப் படுத்தபடியே ஒரு காலை ஆட்டினார்கள். அடை அறை அறையாக நிரம்பியது. மழை இன்னும் இருபது நாள் கழித்துத்தான் வந்தது. முந்நூறு குஞ்சுகளும் சிறகு முளைத்து வெளியே வந்தன. அவற்றில் பாதிக்குப் பெயர் வாழைக்கி!

எருக்கி அத்தோடு விட்டுவிடவில்லை. மழைக்குப்பின் காடே பூத்தது. வாழைக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் தினம் காலையில் ஒருத்தியையாவது அந்தப் பக்கம் அனுப்பி, ஒரு காலாவது தொட்டு வரச் செய்தாள். பழக்கம் விட்டுப்போனால் மூக்கு மறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வருவதையெல்லாம் அடிப்பது காவல் அல்ல. சோற்றைச் சோறென்றும் பகையைப் பகையென்றும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பொறுமையோடு பழகி அறிவதே காவல்.